யார் மாற்றிய ஓசை?

ஸ்லீட்டர்-கின்னி என்னும் அமெரிக்க ராக் குழுவின் ஒன்பதாவது ஆல்பம் 'த சென்டர் வோன்ட் ஹோல்ட்' 2019 ஆகஸ்டில் வெளிவந்தது. மையம் தாங்காது என்று பொருள்படும் அந்தத் தலைப்பு, வெளிவரும் முன்பே பலித்துவிட்டது. ஆல்பத்துக்கு ஆறு வாரங்கள் இருக்கையில், 1996 முதல் குழுவில் டிரம்ஸ் வாசித்துவந்த ஜேனட் வெய்ஸ், குழு புதிய திசையில் செல்கிறது, தான் விலகும் நேரம் வந்துவிட்டது என்று அறிவித்தார். விமர்சகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். நடுவயதிலும் தம்மைப் புதுப்பித்துக்கொள்ளும் துணிச்சல் என்றார்கள் சிலர். குழுவின் கூர்மை மழுங்கி, பளபளப்பான பாப் இசையாகிவிட்டது என்றார்கள் வேறு சிலர். இந்த இரு தீர்ப்புகளும் எதை அளவுகோலாக வைத்திருந்தன என்பதே என் கேள்வி.

கோரின் டக்கரும் கேரி பிரவுன்ஸ்டீனும் 1994இல் வாஷிங்டன் மாநிலத்து ஒலிம்பியாவில் தொடங்கிய குழு இது. 'ரயட் கேர்ள்' என்ற பெண்ணிய பங்க் இயக்கம் வேர்பிடித்த ஊர். இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ். பேஸ் கிட்டார் கிடையாது. கிட்டார்கள் ஒன்றையொன்று மறித்துப் பேச, டக்கரின் குரல் அவற்றைக் கிழித்துக்கொண்டு மேலேறும். அடியில் இருந்து மொத்த எடையையும் தாங்க வேண்டியது டிரம்ஸ்தான். 2019இல் இந்த அமைப்பு மாறியது. செயின்ட் வின்சென்ட் என்ற பெயரில் பாடும் ஆனி கிளார்க் தயாரிப்பாளராக வந்தார். நம் சினிமாவைப் போலப் பணம் போடுபவர் அல்ல, ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓசைக்கு வடிவம் கொடுப்பவர். கிட்டார்களின் சண்டை அடங்கியது, சிந்தசைஸர் முன்னுக்கு வந்தது.

இந்தக் குழு ஓசையை மாற்றிக்கொண்டது அது முதல்முறை அல்ல. 2005இல் வந்த 'த வுட்ஸ்' ஆல்பத்தை டேவ் ஃபிரிட்மன் தயாரித்தார். ஒலி உடைந்து சிதறும் அளவுக்கு இரைச்சல் கூட்டப்பட்டிருந்தது. ஒரு பாடல் 11 நிமிடம் நீண்டது. அந்த இரைச்சல் பழைய ரசிகர்கள் சிலருக்குக் கசந்தது. ஆனாலும் விமர்சகர்களில் பெரும்பாலோர் அதைக் கொண்டாடினார்கள். வெளியிலிருந்து வந்த ஆண் ஒருவர் மூன்று பெண்களின் இசையைத் தன் இசையாக்கிவிட்டார் என்ற புகார், நான் படித்தவரை, பெரிதாக எழவில்லை. 2019இலோ முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவர் கிளார்க். அவரும் கிட்டார் கலைஞர்தான். அவர் வடிவமைப்பில் உருவாகி அவர் பெயரிலேயே விற்பனைக்கு வந்த கிட்டாரே இருக்கிறது. ஆனால் பெண் ஒருத்தி கொண்டுவந்த மாற்றம் என்றதும், அதை விவரிக்க வந்த சொற்கள் மெருகு, பளபளப்பு, ஒப்பனை.

இரைச்சல் உண்மை, கீபோர்டு பாவனை என்ற இந்தப் பிரிவினை ராக் விமர்சனத்தில் பழையது. கட்டுப்பாடற்ற கிட்டார் ஆணின் மெய்யான உணர்ச்சியாகவும், நடனத்துக்குரிய தாளம் பெண்களையும் சிறுமிகளையும் மயக்கும் சரக்காகவும் அங்கே எண்ணப்பட்டுவந்திருக்கின்றன. தமிழ் படித்த எனக்கு இதைக் கேட்கும்போது கற்பு என்ற சொல்தான் நினைவுக்கு வருகிறது. ஆண் கலைஞன் வடிவம் மாறினால் அது அவனுடைய பயணம். பெண் மாறினால் பிறழ்வு. தன் பழைய கவிதையின் குரலுக்கே உண்மையாக இருக்கும்படி கேட்கப்படும் எந்தப் பெண்கவிஞருக்கும் இந்த அளவுகோல் பழக்கப்பட்டதுதான்.

'புரோக்கன்' பாடலைக் கேளுங்கள். பியானோவோடு டக்கர் பாடும் பாட்டு. 2018 செப்டம்பரில் அமெரிக்க செனட் குழுவின் முன் கிறிஸ்டின் பிளேசி ஃபோர்ட் அளித்த சாட்சியத்தைத் தொட்டுச் செல்வது. டக்கரின் அலறல் எங்கே போயிற்று என்று இங்கே கேட்பது பொருந்தாது. அன்று ஃபோர்ட், தம்மை நம்பவேண்டுமே என்ற கவனத்தோடு, அடங்கிய குரலில், மரியாதையாகப் பதில் சொன்னார். குற்றச்சாட்டை மறுத்த பிரெட் கவனா சினந்து குரல் உயர்த்தினார். அடுத்த மாதமே உச்ச நீதிமன்ற நீதிபதியானார். யாருக்குக் கத்தும் உரிமை இருக்கிறது என்பதை உலகமே பார்த்த நாள் அது. அந்தப் பாட்டின் அடக்கம் அந்த நாளின் உண்மை. அதைத் தளர்ச்சி என்று படிப்பவர், பெண்ணின் கோபத்துக்கு ஒரே ஒரு ஒலியளவைத்தான் அனுமதிக்கிறார்.

ஆனால் இத்தோடு நிறுத்தி, ஆணாதிக்க விமர்சனம் ஒரு நல்ல ஆல்பத்தைக் கொன்றுவிட்டது என்று முடிப்பது வசதியான வாதம். ஆல்பம் முழுவதையும் கேட்டால் ஒரு குறை காதில் விழுகிறது. பாடல்களைச் சுழற்றி எறிந்த வெய்ஸின் கைகள் பல இடங்களில் இயந்திரத் தாளம்போல் ஒடுங்கியிருக்கின்றன. குழுவில் தான் இனி சமமான படைப்பாளியா என்று கேட்டதாகவும், இல்லை என்ற பதில் வந்ததாகவும் வெய்ஸ் பின்னர் ஒரு நேர்காணலில் சொன்னார். இருக்கும்படிதான் கேட்டோம் என்பது மற்ற இருவர் தரப்பு. அந்த அறைக்குள் நடந்ததற்கு நாம் தீர்ப்பு எழுத முடியாது. ஓசையில் பதிந்திருப்பதை மட்டும் கேட்கலாம்.

புதிய ஓசையைத் துரோகம் என்றவர்களும் விடுதலை என்றவர்களும் அது எந்தக் கருவியின் ஓசை என்றே விவாதித்தார்கள். சிந்தசைஸர் வைப்பதா வேண்டாமா என்பது ரசனை. அதை முடிவுசெய்யும் மேசையில் மூவருக்கும் இடம் இருந்ததா என்பது அரசியல். பெண்கள் மட்டுமே இருக்கும் குழு என்பதால் அங்கே அதிகாரம் தானாகக் கரைந்துவிடாது. பாட்டு எழுதுபவர், பாடுபவர், பின்னால் உட்கார்ந்து தாளம் கொடுப்பவர் என்ற படிநிலை பெண்களுக்குள்ளும் உண்டு. டிரம்ஸ் வாசிப்பதை உழைப்பாகவும் பாட்டெழுதுவதைப் படைப்பாகவும் பிரித்துப் பார்க்கும் பழக்கம், அடுக்களை வேலையைக் கணக்கில் சேர்க்காத பழக்கத்துக்குத் தூரத்து உறவல்ல.

2021இல் டக்கரும் பிரவுன்ஸ்டீனும் அடுத்த ஆல்பத்தைத் தாங்களே தயாரித்தார்கள். 'த சென்டர் வோன்ட் ஹோல்ட்' ஆல்பத்தை இன்னும் விரும்பிக் கேட்கிறேன். அதன் மாற்றத்துக்காக அவர்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அதற்காக வாதாடும்போது வெய்ஸின் கேள்வியை ஓரத்தில் தள்ளிவிட்டு வாதாட என்னால் முடியவில்லை.