கோப்புகளை இழுத்து விடுதல்: ஒரு வடிவமைப்புத் திறனாய்வு

கணினியில் ஒரு கோப்பைச் சுட்டியால் பிடித்து, பொத்தானை விடாமல் இழுத்துச் சென்று, வேறொரு கோப்புறையின் மேல் விடுவது 'இழுத்து விடுதல்' எனப்படும். கோப்பு மேலாளரில் கோப்புகளை இடம் மாற்ற இதுவே எளிய வழி என்று பலரும் கருதுகின்றனர். ஆனால் கையை விட்டபின் கோப்பு நகர்ந்ததா, நகலானதா என்று கேட்டால் பழகியவர்களே தடுமாறுவர். அந்தத் தடுமாற்றம் பயனரின் குறை அன்று, வடிவமைப்பின் குறை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தோற்றம்

1981-இல் வெளிவந்த ஜெராக்ஸ் ஸ்டார் கணினியின் விசைப்பலகையில் நகர்த்துவதற்கு ஒரு விசையும் நகலெடுப்பதற்கு வேறொரு விசையும் இருந்தன. பயனர் ஆவணத்தைத் தேர்ந்து, விசையை அழுத்தி, பிறகு சேரிடத்தைச் சுட்டுவார். என்ன செய்யப் போகிறோம் என்பதை அவர் முன்பே சொல்லிவிடுகிறார். 1984-இல் வந்த ஆப்பிள் மெக்கின்டாஷ், சுட்டியால் இழுக்கும் முறையைப் பரவலாக்கியது. வேலை சுருங்கியது, ஆனால் இரண்டு வினைச்சொற்களும் ஒரே கையசைவுக்குள் அடங்கிவிட்டன. பயனரின் எண்ணத்தைக் கணினியே ஊகிக்க வேண்டியதாயிற்று.

ஊகத்தின் விதி

விண்டோஸ் எக்ஸ்புளோரர் பின்பற்றும் விதி இது: ஒரே இயக்ககத்துக்குள் இழுத்தால் கோப்பு நகரும், வேறு இயக்ககத்துக்கு இழுத்தால் நகலாகும். மேக் கணினியின் ஃபைண்டரும் க்னோம் சூழலின் நாட்டிலஸும் ஏறக்குறைய இதே வழியில் செல்கின்றன. விண்டோஸில் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் கட்டாயம் நகரும். கன்ட்ரோல் விசையுடன் இழுத்தால் கட்டாயம் நகலாகும். சுட்டியின் வலப் பொத்தானால் இழுத்தால், எது வேண்டும் என்று ஒரு பட்டியல் கேட்கும்.

இந்த விதி வட்டின் அமைப்பைப் பார்க்கிறது. பயனரின் எண்ணத்தைப் பார்ப்பதில்லை. ஒரே கணினியில் 'சி', 'டி' என்று பிரித்திருந்தால், மேசையிலிருந்து 'டி'-க்கு இழுத்தது நகலாகும். 'டி'-க்குள்ளேயே இழுத்தது நகரும். கண்ணுக்கு இரண்டும் ஒரே செயல். விளைவுகளோ வேறு வேறு.

ஜெராக்ஸ் கடையில் நடப்பது

இதன் பாதிப்பைச் சேலம், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு பகுதிகளில் கல்லூரிகளை ஒட்டியுள்ள ஜெராக்ஸ் கடைகளிலும் பிரவுசிங் சென்டர்களிலும் காணலாம். சொந்தக் கணினி இல்லாத மாணவர் கடைக் கணினியில் ஆதார் நகலையும் மதிப்பெண் பட்டியலையும் ஸ்கேன் செய்து, பென் டிரைவுக்கு இழுக்கிறார். எடுத்துக்கொண்டு போய்விட்டதாக நினைக்கிறார். பென் டிரைவ் வேறு இயக்ககம் என்பதால் போனது நகல் மட்டுமே. மூலம் கடை மேசையில் அடுத்தவர் பார்வைக்குக் கிடக்கிறது.

இதற்கு நேரெதிரானதும் நடக்கும். பென் டிரைவுக்குள் கோப்புறைகளை ஒழுங்குபடுத்தும்போது கை சற்று வழுக்கினால், புராஜெக்ட் அறிக்கை இருந்த கோப்புறை பக்கத்துக் கோப்புறைக்குள் விழுந்துவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. சமர்ப்பிக்கும் நாளன்று "ஃபைல் அழிஞ்சுபோச்சு" என்று மாணவர் பதறுகிறார். கோப்பு அழியவில்லை, ஓர் அடுக்கு உள்ளே போயிருக்கிறது. முதல் பிழையில் போக வேண்டியது தங்கியது. இரண்டாவதில் தங்க வேண்டியது போனது.

கையும் கருவியும்

எவ்வளவு தூரம் அசைந்தால் 'இழுத்தல்' என்று கணினி கொள்கிறது என்பதும் ஒரு வடிவமைப்பு முடிவே. விண்டோஸில் இயல்பளவு 4 படப்புள்ளிகள், ஜிடிகே கருவித்தொகுப்பில் 8, கியூட்டியில் 10. நான்கு புள்ளி என்பது சொடுக்கும்போது விரல் நடுங்கினாலே கடக்கக்கூடிய தூரம்.

மெக்கென்சி, செல்லன், பக்ஸ்டன் ஆகியோர் 1991-இல் வெளியிட்ட ஆய்வு, சுட்டுவதைவிட இழுப்பது மெதுவானது, பிழை மிகுந்தது என்று காட்டியது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால், கிராமப்புற மாணவர் பலருக்குக் கணினி முதன்முதலாகத் தொடுபட்டையோடு அறிமுகமானது. ஒரு விரலால் அழுத்திப் பிடித்து மறுவிரலால் இழுப்பது, சுட்டியால் இழுப்பதைவிடக் கடினம்.

தமிழ் இடைமுகத்தின் சிக்கல்

இழுக்கும்போது 'நகர்த்தப்படும்', 'நகலெடுக்கப்படும்' என்று சிறு குறிப்புக் காட்டினால் போதாதா எனலாம். விண்டோஸ் அப்படியொரு குறிப்பைக் காட்டவும் செய்கிறது. ஆனால் தமிழில் வழங்கும் 'நகர்த்து', 'நகலெடு' என்னும் இரு சொற்களும் 'நக' என்றே தொடங்குகின்றன. ஆங்கிலச் சொற்கள் முதல் எழுத்திலேயே பிரிந்துவிடுகின்றன. தமிழில் கண் மூன்றாம் எழுத்துவரை போக வேண்டும். ஓடும் கைக்கு அவ்வளவு நேரம் இல்லை. 'இடம் மாற்று', 'படி எடு' என்று எழுதினால் வேறுபாடு உடனே தெரியும். மொழிபெயர்ப்பாளர்கள் சொல்லின் பொருளோடு, பக்கத்தில் நிற்கும் சொல்லையும் பார்க்க வேண்டும்.

மாற்று வழிகள்

கேடிஇ சூழலின் டால்ஃபின் கோப்பு மேலாளர் நெடுங்காலமாக வேறு வழியைக் கையாண்டுள்ளது. கோப்பை விட்டதும், இங்கே நகர்த்தவா, நகலெடுக்கவா, இணைப்பு உருவாக்கவா என்று கேட்கும். ஒவ்வொரு முறையும் கேட்பது எரிச்சல் என்போர் உண்டு. நாள் முழுதும் நூற்றுக்கணக்கான படங்களைப் பிரிக்கும் புகைப்பட நிலையத்தாருக்கு அந்தக் குறை நியாயமானதே. ஆயினும் பலர் மாறி மாறி அமரும் பொதுக் கணினிக்கு, ஒரு சொடுக்கு கூடுவது சிறிய விலைதான்.

2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகுதன்மை நெறிமுறையின் 2.2 பதிப்பு, இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமல் ஒற்றைச் சுட்டலாலும் செய்ய முடிய வேண்டும் என்கிறது. இது இணையப் பக்கங்களுக்கான நெறி என்றாலும் கோப்பு மேலாளருக்கும் பொருந்தும். வெட்டி ஒட்டும் வழி பட்டியலுக்குள் ஒளிந்திராமல் கண்முன் இருக்க வேண்டும்.

மதிப்பீடு

நாமக்கல் லாரி புக்கிங் அலுவலகத்தில் ரசீது இல்லாமல் சரக்கு ஏறுவதில்லை. என்ன சரக்கு, எங்கிருந்து எங்கே என்பது தாளில் இருக்கும். கோப்பு மேலாளரும் அப்படியொரு ரசீது தர வேண்டும்: "அறிக்கை என்ற கோப்புறை, படங்கள் என்ற கோப்புறைக்குள் சென்றது, திரும்பப் பெறவா?" கன்ட்ரோல் இசட் அழுத்தினால் நகர்த்தியதை மீட்கலாம் என்பது இன்றும் உண்மை. ஆனால் கோப்பு நகர்ந்ததே தெரியாதவருக்கு அந்த விசை பயன்படாது.

இழுத்து விடுதலைக் கைவிட வேண்டியதில்லை. விடுவதற்கு முன் விளைவைத் தெளிவாகச் சொல்வது, ஐயமுள்ள இடத்தில் கேட்பது, விட்டபின் நடந்ததைக் காட்டுவது ஆகிய மூன்றும் இருந்தால் அது உண்மையிலேயே எளிய வழியாகும். அதுவரை, பொதுக் கணினியிலிருந்து எழும் முன் மேசையில் தன் கோப்பு தங்கியுள்ளதா என்று பார்க்கும் பொறுப்பு பயனரின் தலையில்தான் விழுகிறது.