ஆணி இருந்த இடம்

கந்தப்பளையில் ஒரு லயத்து அடுப்படி. ரொட்டிக்கு மா பிசைவதும் லீக்ஸ் நறுக்குவதும் அங்கே கிடக்கும் தைலமரப் பலகையில்தான். அதன்மேல் அடித்திருந்த ரெக்சினைக் கழற்றியதும் விளிம்பு நெடுக ஆணி ஓட்டைகள்; ஒவ்வொன்றையும் சுற்றிக் கருநீல வளையம். ஆசாரி அவற்றை அடைத்த அழகை எத்தனை சொன்னாலும் தகும்.

அந்த வளையம் வெறும் துரு அல்ல. மரத்தின் துவர்ப்பும் ஆணியின் இரும்பும் ஈரத்தில் கூடினால் மையாகக் கறுக்கும். துருப்பிடித்த ஆணியைச் சாயத் தண்ணியில் போட்டாலும் இதே கறுப்புத்தான். ஆசாரி அதைச் சுரண்டவில்லை. தேசிக்காயை வெட்டித் தேய்த்து, ஊறவிட்டுத் துடைத்தார். கறுப்பு சாம்பல் நிறத்துக்கு இறங்கியதும் போதுமென்று விட்டுவிட்டார். நிறுத்தத் தெரிவதும் கைத்திறன்தானே.

பெரிய ஓட்டைகளுக்கு முளை. பலரும் தீக்குச்சியைச் செருகி ஒடித்துவிடுவார்கள். குச்சியின் வெட்டுமுகம் எண்ணெயைக் குடித்துக் கறுத்து, பழையபடி புள்ளியாகத் தெரியும். இவரோ அதே பலகையின் அடிப்புறத்திலிருந்து ஒரு சிம்பை எடுத்து, நார் பலகையோடு படுத்து ஓடும்படி முளை சீவினார். சீவியதை உடனே அடிக்கவுமில்லை. அடுப்புக்கு மேலே காயப் போட்டார். ஆறாயிரம் அடிக்கு மேலே, பனிமூட்டமும் மழையுமான ஊர் இது. நன்றாகக் காய்ந்த முளை, பலகைக்குள் போனபின் காற்றின் ஈரத்தை வாங்கி ஊதிக்கொள்ளும். பிறகு இலேசில் அசையாது. கொஞ்சம் பசை, சுத்தியலால் மெல்ல இரண்டு தட்டு. மறுநாள் உளியைப் படுக்கவைத்து, துருத்தியதை நார்ப்போக்கிலேயே சீவினார். விரல் ஓட்டிப் பார்த்தேன், எதுவும் தட்டவில்லை.

ஊசி முனை அளவு ஓட்டைகளுக்கு அதே மரத்தூளும் பசையும் போதுமாயின. காயும்போது இறங்கும் என்பதால் சற்று மேடாகவே அப்பினார்.

இதே ஊரில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலையை, இலை வாட்டிய மாடிகளை அறைகளாக்கி, 1996இல் ஹோட்டலாகத் திறந்தார்கள். பார்க்க ஊர் ஊராக வருகிறார்கள். வரட்டும், அது பெரிய வேலை. பழையதைக் கழிக்காமல் காப்பாற்றும் அக்கறையில் இந்த அடுப்படிப் பலகை அதற்கு ஒரு மாற்றும் குறைவில்லை.

உங்கள் வீட்டுப் பலகையைச் சீவினாலோ அறுத்தாலோ விழும் தூளைக் கூட்டி எறியாதீர்கள். ஒரு போத்தலில் போட்டு வையுங்கள். கடையில் வாங்கும் எந்தப் பூச்சும் அந்த நிறத்துக்கு வராது.