குறட்பாணனின் நகை

சிரிப்பூட்டும் பாத்திரங்களை ஆராய்வோர், அவை எதனால் சிரிப்பை விளைவிக்கின்றன என்று வினவுவது வழக்கம். அவை யாருக்காகச் சிரிக்கின்றன என்ற வினா அரிதாகவே எழுகின்றது. பாத்திரமேற்று ஆடும் கற்பனை விளையாட்டுக்களில் இன்று உலகெங்கும் பழகிவிட்ட ஒரு பாத்திரத்தையும், வலப்பனைப் பகுதித் தோட்டங்களில் ஆடப்படும் கூத்தின் கோமாளியையும் அருகருகே வைத்து இவ்விரண்டாவது வினாவை நாம் இங்கு எழுப்புகின்றோம். இவற்றுக்கிடையே யாதொரு தொடர்பும் இல்லையெனத் தோன்றலாம். தொடர்பு உண்டு என்பதே எமது வாதம்.

‘டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்’ என்னும் விளையாட்டு 1974இல் அமெரிக்காவில் வெளிவந்தது. ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைப் புனைந்து, பகடை உருட்டி, கதையைக் கூட்டாக வளர்த்துச் செல்வர். அதில் மனிதரின் பாதியளவே உயரமுடைய ஓர் இனத்தார் உளர். டோல்கீனின் நாவல்களில் வரும் ‘ஹொபிற்’ என்ற பெயராலேயே முதலில் குறிக்கப்பட்ட அவர்கள், உரிமையாளரின் ஆட்சேபத்தின்பின் ‘ஹாவ்லிங்’ என அழைக்கப்படலாயினர். பாடலால் பிறருக்கு வலுவூட்டும் பாணனும் 1976 தொடக்கம் இவ்விளையாட்டில் இடம்பெற்றான். இவ்விரண்டும் இணைந்த பாத்திரத்தை நாம் ‘குறட்பாணன்’ எனக் குறிப்போம். சிறிய உடல், கவலையற்ற மனம், எந்நேரமும் ஒரு பாட்டு: இவையே அவனது அடையாளங்கள். மகிழ்ச்சி அவனுடைய பிறவிக்குணமாகக் கொள்ளப்படுகின்றது.

பிறவிக்குணம் என்று கூறப்படும் எதனையும் அதன் வரலாற்றுக்குத் திருப்பி அனுப்புவது திறனாய்வின் முதற்கடன். 1937இல் வெளியான ‘தி ஹொபிற்’ நாவல் ஒரு தேநீர் வேளை விருந்தோடு தொடங்குகின்றது. அக்குறளரின் நாடு, விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்கு அறுபதாண்டு நிறைந்த 1897ஆம் ஆண்டளவிலான ஓர் இங்கிலாந்துக் கிராமத்தைப் போன்றது என டோல்கீனே குறிப்பிட்டுள்ளார். அக்காலத்து இங்கிலாந்தின் மேசைக்குத் தேயிலை எங்கிருந்து சென்றது? 1869 தொடக்கம் பரவிய நோயால் கோப்பி அழிந்தபின் இலங்கை மலைகளில் தேயிலை பரவியிருந்தது. 1890இல் லிப்டன் ஊவாவில் தோட்டங்களை வாங்கியிருந்தார். தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கங்காணிமாரால் கொண்டுவரப்பட்ட உழைப்பாளர் லயங்களில் வாழ்ந்து கொழுந்து பறித்தனர். குறளரின் மேசையில் தேநீர் உண்டு. தேயிலைத் தோட்டமோ அந்த உலகில் எங்கும் இல்லை. உழைப்பு மறைக்கப்பட்ட இடத்திலேயே கவலையற்ற மகிழ்ச்சி இயல்பானதாகத் தோற்றமளிக்கின்றது.

எமது மரபு இதற்கு விலக்கன்று. கலித்தொகையின் 94ஆம் பாடல் ஒரு குறளனும் கூனியும் புரியும் காதற் பேச்சு. தலைமக்களின் காதல் அன்பின் ஐந்திணையின் பெருமிதத்தைப் பெற, ஏவலரின் காதல் நகைப்புக்குரியதாகின்றது. அடியோரையும் வினைவலரையும் ஐந்திணைக்குப் புறத்தே வைத்த தொல்காப்பிய விதியின் சமூக உள்ளடக்கம் இதுவே. கைலாசபதி 1968இல் வெளியிட்ட வீரயுகக் கவிதை பற்றிய ஆய்வு, பாணரைப் புரவலர் சமூகத்தோடு பொருத்தி நோக்கியது. அப்பாணரின் பாடலுக்குப் பின்னால் பசித்த சுற்றம் நின்றதை ஆற்றுப்படைகளே காட்டுகின்றன. பாணன் மகிழ்ந்து பாடியது பிறவிக்குணத்தாலன்று, பாடினாலே சோறு.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களன்களைக் கூறும். பின்னைய மூன்றும் நகைக்கப்படுபவரின் குறையையோ முதிராமையையோ சார்ந்தவை. எள்ளல் ஒன்றே செயல். பிறரை எள்ளுவதும் பிறரால் எள்ளப்படுவதும் அதனுள் அடங்கும். ஆகவே, கீழிருந்து மேல்நோக்கிச் செல்லக்கூடிய நகை அது ஒன்றே. சிரிப்பூட்டும் எந்தப் பாத்திரத்தையும் உரைத்துப் பார்க்க இப்பாகுபாடு உதவும்.

இவ்வுரைகல்லில் விளையாட்டை வைத்துப் பார்க்கும்போது சுவையான முரண்பாடு ஒன்று புலனாகின்றது. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின் விதிகளை எடுத்துக்கொள்வோம். குறளருக்கு ‘அதிர்ஷ்டம்’ என்றொரு பண்பு உண்டு: இருபதுமுகப் பகடையில் ஒன்று விழுந்தால் அவர்கள் மீண்டும் உருட்டலாம். எளியவர் பிழைப்பதற்கு அதிர்ஷ்டம் போதும் என்ற கருத்தியலுக்கு இதனிலும் தெளிவான சான்று தேவையில்லை. ஆனால் பாணனின் விதிகள் வேறு கதை கூறுகின்றன. பிறருக்கு ஊக்கமளிக்கும் ஆற்றலை அவன் குறித்த சில தடவைகளே பயன்படுத்தலாம். பின்னர் ஓய்வெடுத்தே அதனை மீளப் பெறவேண்டும். அவன் வழங்கும் பகடையை உருட்டுபவனும் வேறொருவன். அதாவது, வருணனையில் குணமாக இருந்த மகிழ்ச்சி, விதியில் உழைப்பாக இருக்கின்றது. அது செலவாகின்றது, ஓய்வால் புதுப்பிக்கப்படுகின்றது, பயன் பிறரைச் சேர்கின்றது. எதிரியைச் சொல்லால் எள்ளிக் காயப்படுத்தும் மந்திரம் ஒன்றும் அவனுக்கு உண்டு. அதன் ஊறு தொடக்கத்தில் ஒரு நான்குமுகப் பகடையளவே. ஆயினும் அதனை அவன் எத்தனை தடவையும் பயன்படுத்தலாம். ஊக்கம் தீர்ந்துபோகின்றது, எள்ளல் தீர்வதில்லை. விதியை வகுத்தோர் இதனை எண்ணி வகுத்தனரா என்பது வேறு வினா.

வலப்பனையின் இராகலை, உடப்புசல்லாவை, ஹைபொரஸ்ட் சார்ந்த தோட்டங்களில் இதே உண்மையை வேறு வடிவிற் காணலாம். காமன் கூத்து மாசி மாதத்தில் காமன் ஊன்றித் தொடங்கி, பல இரவுகள் நடந்து, மதன் எரிவதிலும் ரதியின் ஒப்பாரியிலும் உச்சமடைவது. அதிலும் ஏனைய தோட்டக் கூத்துக்களிலும் சிரிப்பூட்ட வருபவன் பகலில் கவ்வாத்து வெட்டியவன், விடிந்தால் பெரட்டுக்குப் போகவேண்டியவன். அவனது மகிழ்ச்சி உறக்கத்தை விலையாகக் கொடுத்துப் பெறப்பட்டது. கூத்துக்கு முழங்கும் தப்பே ஒரு காலத்தில் விடியலில் பெரட்டுக்கு அழைக்கவும் முழங்கியது. சி. வி. வேலுப்பிள்ளை 1954இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தேயிலைத் தோட்டக் கவிதை அவ்விடியற் பறையொலியோடு தொடங்குவது தற்செயலன்று. ஒரே கருவி உழைப்பை நிருவகிக்கவும், உழைத்தவரைத் தமக்குள் ஒன்றுகூட்டவும் பயன்பட்டது.

கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளும் மரபு மலையக நாட்டார் பாடல்களில் வலுவானது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்டு, 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை அப்பிரச்சினை முற்றத் தீராதிருந்த ஒரு மக்கட் கூட்டத்துக்கு, அதிகாரத்தைப் பெயர்சொல்லிச் சிரிக்கக் கிடைத்த களங்கள் சிலவே. காமன் பொட்டல் அவற்றுள் ஒன்று.

இதனை மிகைப்படுத்துதலும் தவறு. கூத்தின் இரவு முடிந்ததும் தோட்டத்தின் ஒழுங்கு மீண்டது. அனுமதிக்கப்பட்ட சிரிப்பு ஆளுவோருக்கு வசதியானதாகவும் இருக்கலாம். தப்படித்தோரின் சாதிநிலை கூத்தினால் மாறிவிடவில்லை. கோமாளியின் எள்ளல் தொழிற்சங்கத்துக்கு மாற்றன்று. குறட்பாணனின் மந்திரத்தைப் போல அதன் ஊறும் சிறிதே. எனினும், தாழ்த்தப்பட்டவன் தன்மீது சுமத்தப்பட்ட பேதைமையை எள்ளலாக மாற்றும் கணம் ஒன்று உண்டு. அக்கணத்தைக் காணாத திறனாய்வு, கோமாளியை எசமானின் கண்ணாலேயே பார்க்கின்றது.

‘விளையாட்டுத்தானே’ என்று இதனைத் தள்ளிவிட முடியாது. தேயிலைப் பெட்டிகளிலும் சுற்றுலாச் சுவரொட்டிகளிலும் கூடை சுமந்து சிரிக்கும் பெண்ணுருவைப் பார்ப்போர், அச்சிரிப்பையும் அவளது பிறவிக்குணமாகவே கொள்கின்றனர். நாட்சம்பளம் 1,000 ரூபாவாக வேண்டும் என்ற கோரிக்கை நெடும் போராட்டத்தின் பின்னர் 2021இலேயே சட்டவலுப் பெற்றது என்பதை அப்படம் சொல்வதில்லை. மகிழ்ச்சியானவர் என வருணிக்கப்படுபவரின் கோரிக்கைகள் செவிக்கு எட்டுவதில்லை.

சி. வி.யின் ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாகியது. பாடல் ஏட்டில் ஏறுகின்றது. அன்றைய துரையையும் கங்காணியையும் பார்த்துக் கோமாளி அந்நேரத்தில் கட்டிய பேச்சு எளிதில் ஏறுவதில்லை. தோட்டம், ஆண்டு, எள்ளப்பட்டவர் யார் என்ற விவரங்களோடு அப்பேச்சைத் திரட்டுவது பல்கலைக்கழக ஆய்வாளரின் உடனடிப் பணியாகும். இளமையிற் கேட்டதை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இருக்கும்போதே அது நடைபெறவேண்டும்.