ஒப்பிடாதே என்று பெயர் வைத்த பிறகும்

பூலாம்பாடிக் கடைத்தெருவில் இரவு எட்டரை மணிக்கு மேல் டீக்கடை பெஞ்சு எங்கள் வசம் வந்துவிடும். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போட்டுவிட்டு வருகிற சித்தப்பா ஒருவர், அரும்பாவூர் மரச்சிற்பக் கூடத்தில் உளி பிடிக்கிற அண்ணன் ஒருவர், கல்யாண மண்டபங்களில் கீபோர்டு வாசிக்கிற தம்பி ஒருவன், நான், அப்புறம் அன்றன்றைக்கு வந்து சேர்கிற இரண்டு மூன்று பேர். பேச்சு எங்கே தொடங்கினாலும் இளையராஜாவில் வந்து நிற்கும். அதிலும் சினிமாவுக்கு வெளியே அவர் செய்த இசையில். 'ஹௌ டு நேம் இட்?', 'நத்திங் பட் விண்ட்', 'திருவாசகம்', இப்போது லண்டன் சிம்பொனி.

ஒருநாள் தம்பி கேட்டான்: "பாட்டே இல்லாத கேசட்டை எதுக்குண்ணே இத்தனை வருசமா பேசிக்கிட்டிருக்கீங்க?"

சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் பட்டது. தனக்குப் பிடித்த கலைஞன் வழக்கமான பாதையை விட்டு வேறு பக்கம் போகும்போது ரசிகர்கள் உட்கார்ந்து பேசும் இந்தப் பழக்கம் இசைக்கு என்ன செய்கிறது? நல்லது செய்கிறதா, கெடுதல் செய்கிறதா? முப்பது வருடமாக இந்தப் பேச்சில் நானும் ஒரு ஆள். ஆகவே இதை எட்ட நின்று எழுத முடியாது.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் கிடையாது. 'தி போலீஸ்' என்ற ராக் குழுவின் கிடார் கலைஞர் ஆண்டி சம்மர்ஸ். 1983இல் வந்த 'எவ்ரி பிரெத் யூ டேக்' பாட்டின் அந்தக் கிடார் வரி அவருடைய விரலில் பிறந்தது. அவர் 1999இல் 'கிரீன் சிம்னீஸ்' என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். முழுக்க ஜாஸ் மேதை தெலோனியஸ் மங்க் எழுதிய இசை. பழைய குழுத் தோழர் ஸ்டிங் அதில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். அந்தக் குழுவின் பெயரை நம்பி இதைக் கேட்கிற ரசிகனுக்கு உடனே எழக்கூடியவை இரண்டே எண்ணங்கள். "இவர் ஏன் பழையபடி வாசிக்கவில்லை?" என்பது ஒன்று. "பார், ஜாஸ்கூட நம்ம ஆளுக்கு வருகிறது" என்பது மற்றொன்று. முதல் எண்ணம் குறை, இரண்டாவது பெருமிதம். இரண்டிலும் மங்க் இல்லை. எதிர்பார்த்த இடத்தில் விழாமல் ஒதுங்கி விழுகிற அவருடைய சுரங்களும் இல்லை.

எங்கள் பெஞ்சிலும் இதே இரண்டு எண்ணங்கள்தான் பெரும்பாலும் மோதிக்கொள்கின்றன.

இளையராஜாவும் அடிப்படையில் ஒரு கிடார் கலைஞர். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவோடு ஊர் ஊராகப் போனவர், சென்னைக்கு வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார், ஜி.கே. வெங்கடேஷின் இசைக்குழுவில் கிடார் வாசித்தார், லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிளாசிக்கல் கிடார் தேர்வில் தேறினார். 1976இல் 'அன்னக்கிளி'. அதற்குப் பத்து வருடம் கழித்து, வருடத்துக்குப் பல படங்கள் செய்துகொண்டிருந்த காலத்தில், 1986இல் 'ஹௌ டு நேம் இட்?' வந்தது. தியாகராஜருக்கும் ஜெர்மானிய மேதை பாக்குக்கும் காணிக்கையாக்கிய தொகுப்பு. பாட்டு கிடையாது, கதாநாயகன் கிடையாது, படமும் கிடையாது.

மலேசியாவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கொடுத்த டேப்ரிக்கார்டரில்தான் அதை முதலில் கேட்டேன். பிடிக்கவில்லை என்பதே உண்மை. பாட்டு எப்போது தொடங்கும் என்று காத்திருந்தேன், கேசட் ஒரு பக்கம் ஓடி முடிந்துவிட்டது. பேச்சு இல்லாமல் போயிருந்தால் அதோடு அதைப் பெட்டியில் போட்டிருப்பேன். "மாப்ளே, 'வீடு' படம் பார்த்தியா? அதுல வர்ற மியூசிக் இதுதான்" என்று ஒருவர் சொன்னார். பாலுமகேந்திராவின் 'வீடு' 1988இல் வந்தது. அதன் பின்னணிக்கு இந்தத் தொகுப்பின் இசையைத்தான் பயன்படுத்தினார். படத்தை மறுபடி பார்த்தேன். ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண் செங்கல் செங்கலாக வீடு கட்டப் படும் பாடு, அந்த வயலின்களுக்கு அடியில் ஓடியது. திரும்பி வந்து கேசட்டைக் கேட்டபோது காதுக்கு ஒரு பிடி கிடைத்திருந்தது.

இதுதான் இந்தப் பழக்கத்தின் பெரிய பலம் என்று நினைக்கிறேன். பத்திரிகை விமர்சனம் ஒருமுறை வந்து போய்விடும். பேச்சு விடாது. இன்றைக்குப் புரியாததை அடுத்த வருடம் வேறொரு ஆள் வேறொரு நுனியைப் பிடித்து அவிழ்த்துக் காட்டுவார். சங்கீதம் படிக்காத ஆட்கள் ஃபியூக் என்ற சொல்லைத் தெரிந்துகொண்டது இப்படித்தான். 'மேட் மாட் மூட் ஃபியூக்' என்று அந்தத் தொகுப்பில் ஒன்று உண்டு. ஃபியூக் என்றால் என்ன என்று கேட்டதற்குச் சித்தப்பா கும்மியை வைத்து விளக்கினார். "கும்மியில ஒருத்தி பாடி முடிச்சதும் மத்தவங்க வாங்கிப் பாடுவாங்க. இதுல முதல் ஆளு மெட்டை முடிச்சதும் ரெண்டாவது ஆளு அதே மெட்டை வேற இடத்துலேர்ந்து எடுத்துடறான். ஆனா முதல் ஆளு நிறுத்தறதில்லை, கூடவே வேற வரிக்குப் போயிடறான்." இதைவிடத் தெளிவாக எனக்குச் சொல்ல வராது.

இன்னொரு இரவை இங்கே சொல்லியாக வேண்டும். 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற துண்டை ப்ளூடூத் ஸ்பீக்கரில் போட்டோம். பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் முன்னிசைதான் அதன் அடித்தளம். பாக் அந்த வயலின் தனிஇசைகளைப் படியெடுத்த கையெழுத்துப் பிரதியில் 1720 என்ற ஆண்டு இருக்கிறது. சின்னச் சின்னச் சுரங்கள் மூச்சு விடாமல் ஓடும். அதன் மேல் நம் ஊர் வயலின் கமகத்தோடு நுழையும். தம்பி வீட்டுக்கு ஓடிப்போய்க் கீபோர்டை எடுத்து வந்தான். பாக்கின் வரியை மெதுவாக, தட்டுத் தடுமாறி, அரை மணி நேரத்தில் கொஞ்சம் பிடித்துவிட்டான். பிறகு அந்த வயலின் வரியை எடுத்தான். சுரங்கள் கிடைத்தன, ஆனால் வரி கிடைக்கவில்லை. பக்கத்தில் இருக்கிற சுருதி வளைக்கும் சக்கரத்தை உருட்டி உருட்டிப் பார்த்தான். வழுக்கியதே தவிர அசையவில்லை. சிற்பி அண்ணன் அதுவரை பேசவே இல்லை. "முதல்ல வர்றது தேர்ச் சக்கரத்து ஆரம் மாதிரி தம்பி. ஒண்ணுக்கொண்ணு அளவு தப்பாது. மேல வர்றது சிலையோட இடுப்பு வளைவு மாதிரி. அளவுகோலு வைக்க முடியாது" என்றார்.

தேருக்கும் சிலைக்கும் உளி பிடித்த கை அது. அரும்பாவூர் மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2020இல். அதற்கு வெகு காலம் முன்பிருந்தே அவர் அந்த வேலையில் இருக்கிறார். அவர் சொன்னதில் ஒன்று உயர்ந்தது மற்றது தாழ்ந்தது என்ற எண்ணமே இல்லை. இரண்டு வேலைகள் எப்படி வேறுபடுகின்றன என்று காட்டினார், அவ்வளவுதான். ஒப்பீடு இப்படி இருந்தால் அதைப்போல நல்ல விமர்சனம் வேறில்லை.

அடுத்த நிமிடமே அது கெட்டது. கூட்டத்தில் ஒருவர், "பாக்கே நம்ம ராஜாகிட்ட வந்து பாடம் கேக்கணும்" என்றார். இன்னொருவர் ரகுமானை இழுத்தார். மூன்றாமவர் யாருக்கு எத்தனை விருது என்று கணக்கெடுத்தார். ஸ்பீக்கர் பாடிக்கொண்டே இருந்தது, யாரும் கேட்கவில்லை. அந்தத் தொகுப்பில் 'டோன்ட் கம்பேர்' என்றே ஒரு துண்டுக்குப் பெயர். ஒப்பிடாதே. பாக்கைப் பற்றிய துண்டுக்கு இளையராஜா வைத்த பெயர் 'பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்'. அடுத்ததன் பெயர் 'நாங்கள் பேசிக்கொண்டிருந்தோம்'. விருந்தாளியாக அழைத்து உட்காரவைத்துப் பேசியிருக்கிறார் மனிதர். நாம் அந்த விருந்தாளியைக் கோதாவில் இறக்குகிறோம். சுரங்களை ஒப்பிட்ட பேச்சு ஆட்களை ஒப்பிடும் பேச்சாக மாறுகிற இடத்தில்தான் இந்தப் பழக்கத்தின் நோய் தொடங்குகிறது.

நோயின் முதல் பலி, வாசித்தவர்கள். 'ஹௌ டு நேம் இட்?' தொகுப்பின் உயிர் அந்த வயலின். வாசித்தவர் வி.எஸ். நரசிம்மன். 1981இல் வந்த 'ராஜபார்வை'யில் பார்வையற்ற வயலின் கலைஞனாகக் கமல் வில்லை இழுக்கிறாரே, அந்த நாதமும் நரசிம்மனுடையதே. பிற்பாடு மெட்ராஸ் ஸ்டிரிங் குவார்ட்டெட் என்ற நால்வர் குழுவை அமைத்துக் கர்நாடகக் கீர்த்தனைகளை மேற்கத்திய ஒத்திசைவோடு வாசித்தார். எங்கள் பெஞ்சில் அவர் பெயர் முதன்முதலாக அடிபடப் பல வருடங்கள் ஆயின. எழுதியவருக்குப் புகழ் போவது நியாயம். ஆனால் பாக்கின் வரியையும் கமகத்தையும் ஒரே பதிவில் எதிரெதிரே நிறுத்த, இரண்டு மரபிலும் ஊறிய கை வேண்டும். அந்தக் கையைப் பேசாமல் இந்த இசையைப் பேசுவது, தேர் அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தச்சனைக் கேட்காமல் போவதற்குச் சமம்.

இரண்டாவது, கேட்காததைப் பற்றிய தீர்ப்பு. 1993இல் இளையராஜா லண்டன் ராயல் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்கு ஒரு சிம்பொனி எழுதினார். அது வெளியாகவில்லை. வெளிவராத அந்த இசையை உலகத்திலேயே உயர்ந்தது என்று சொல்லியும், ஒன்றுமில்லாதது என்று சொல்லியும் நாங்கள் சண்டை போட்ட இரவுகள் எத்தனையோ. ஒருவர்கூட ஒரு சுரம் கேட்டதில்லை. 2025 மார்ச் 8ஆம் தேதி லண்டன் ஈவென்டிம் அப்பல்லோ அரங்கில் அவருடைய 'வேலியன்ட்' சிம்பொனி அரங்கேறியது. அப்போதாவது பேச்சு மாறும் என்று எதிர்பார்த்தேன். 35 நாளில் எழுதி முடித்தார் என்பதே திரும்பத் திரும்ப வந்தது. நான்கு பகுதிகள் அதில். ஒரு பகுதிக்கும் மற்றதற்கும் என்ன உறவு, மெட்டு எங்கே திரும்பி வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. எத்தனை நாளில் செதுக்கினார் என்பதா சிலைக்கு மதிப்பு?

மூன்றாவது, குறை சொன்னால் துரோகி. 'நத்திங் பட் விண்ட்' 1988இல் ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு வந்தது. குழல் அற்புதம். ஆனால் பல இடங்களில் இசைக்குழு அந்தக் குழலோடு வாதாடாமல் பின்னால் விரித்த ஜமக்காளம்போலக் கிடக்கிறது என்பது என் எண்ணம். முதல் தொகுப்பில் இருந்த துணிச்சல் இதில் குறைவு. அந்த முதல் தொகுப்பிலும் சில துண்டுகள் படக்காட்சி மாறுவதுபோல அவசரமாகத் திரும்புகின்றன, ஒரு ராகம் நிலைகொள்ள நேரம் கொடுப்பதில்லை. இதைச் சொன்ன அன்று சித்தப்பா என்னோடு டீ குடிக்கவில்லை. அவருடைய அன்பு எனக்குப் புரிகிறது. ஆனால் குறை சொல்ல இடமில்லாத இடத்தில் புகழ்ச்சிக்கும் எடை இருக்காது. எல்லாமே உச்சம் என்று சொல்கிறவரிடம் எதை முதலில் கேட்பது என்று கேட்டால் பதில் வராது.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது நான்காவது. ராணிப்பேட்டையில் பிறந்த பிரசன்னா, மின்கிடாரில் கர்நாடக சங்கீதத்தை முழுக் கச்சேரியாக வாசிக்கிறவர். ஐஐடியில் படித்தவர், பிறகு அமெரிக்காவின் பெர்க்லி இசைக் கல்லூரிக்குப் போனவர். ராக் கிடாரின் உச்சமான ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்கு வணக்கமாக 2006இல் 'எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்' செய்தார். 2011இல் ஜாஸ் பியானோ கலைஞர் விஜய் ஐயரோடும் தபலா கலைஞர் நிதின் மிட்டாவோடும் சேர்ந்து 'தீர்த்தா'. ராக், ஜாஸ், கர்நாடகம் மூன்றும் ஒரு தமிழரின் பத்து விரலில் சந்திக்கின்றன. எங்கள் பெஞ்சில் அவரைப் பற்றி ஒரு இரவுகூடப் பேசியதில்லை. சினிமாப் பெயர் என்ற நுழைவுச்சீட்டு இல்லை, அதனால் உள்ளே விடவில்லை. கலைஞனின் மாற்றுப் பாதையைக் கொண்டாடுகிறோம் என்று சொல்லிக்கொள்கிற நாம், அந்தப் பாதையையே வாழ்க்கையாகக் கொண்டவரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அப்படியானால் நமக்குப் பிடித்தது பாதையா, அதில் போகிற பிரபலமா?

இத்தனைக்கும் பிறகு இந்தப் பேச்சு வேண்டுமா என்று கேட்டால் வேண்டும் என்றே சொல்வேன். பேச்சு இல்லாத ஊர்களில் இந்தக் கேசட்டுகள் செத்துவிட்டன. எங்கள் ஊரில் இன்னும் ஓடுகின்றன. தம்பி அந்தக் கீபோர்டு இரவுக்குப் பிறகு ஒரு பழைய வயலின் வாங்கியிருக்கிறான். பெரம்பலூருக்குப் பஸ் ஏறிப் போய் வாரம் ஒருநாள் கற்றுக்கொள்கிறான். கேசட்டை மறுபடி ஓடவிடச் செய்கிற பேச்சு நல்ல பேச்சு, ஸ்பீக்கர் பாடும்போதே அதன் குரலை அமுக்குகிற பேச்சு கெட்ட பேச்சு. எங்கள் பெஞ்சில் இரண்டும் ஒரே இரவில் நடக்கின்றன.

வருகிற சனிக்கிழமை நான் 'தீர்த்தா'வைக் கொண்டு போகிறேன். முழுசாக ஓடி முடிகிறவரை யாரும் வாய் திறக்கக்கூடாது, இது எந்தப் படம் என்று கேட்கவும் கூடாது என்று சித்தப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்.