தனி ஆவர்த்தனத்தை ரசிப்பது எப்படி?

கச்சேரியின் பிரதான உருப்படி முடிந்து, பாடகர் மிருதங்கக்காரரைப் பார்த்துத் தலையசைத்ததும் பின்வரிசைகள் கலையத் தொடங்கும். மார்கழி மாதத்துச் சென்னையில், தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் இந்தத் தனி ஆவர்த்தனம் கேன்டீனுக்கான இடைவேளை என்றே ஆகிவிட்டது. எழுந்து போகிறவரைக் கேட்டால், “லயம் நமக்குப் புரியாது, அது கணக்கு தெரிந்தவர்கள் சமாசாரம்” என்பார். ராக ஆலாபனைக்கு இந்தத் தயக்கம் யாருக்கும் வருவதில்லை. காம்போதி எது, ஹரிகாம்போதி எது என்று சொல்லத் தெரியாதவர்கூட ஆலாபனையின்போது கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். உண்மை நிலவரம் இதற்கு நேர்மாறானது. ஆலாபனையில் பாடகர் எதைச் சேர்க்கிறார், எதைத் தவிர்க்கிறார் என்று அறியப் பல வருடக் கேள்வி ஞானம் வேண்டும். தனியில் நடப்பதையோ எட்டு வரை எண்ணத் தெரிந்த எவரும் தம் கையிலேயே சரிபார்த்துக்கொள்ளலாம். புதிய ரசிகருக்குக் கச்சேரியில் மிகவும் திறந்து கிடக்கும் பகுதி தனி ஆவர்த்தனம்தான் என்பது என் கட்சி. நிபந்தனை ஒன்றே: கை தாளத்தை விடக்கூடாது.

தாளம் போடுவது ஏதோ வித்வான் என்று காட்டிக்கொள்ளும் பாவனை என்று பலர் கூச்சப்படுகிறார்கள். கூச்சமே தேவையில்லை. சினிமாப் பாட்டில் தாளத்தை டிரம்ஸ் நமக்காக அடித்துக் காட்டிவிடுகிறது. கால் தானாக ஆடும். கர்நாடக சங்கீதத்தில் மிருதங்கம் அந்த வேலையைச் செய்வதில்லை. தாளம் சத்தமில்லாமல் பாடகரின் தொடைமீது நடந்துகொண்டிருக்கிறது. மிருதங்கம் அதற்கு இசைந்தும் அதை விட்டு விலகியும் வாசிக்கிறது. ஆதி தாளம் என்றால் ஒரு தட்டு, சுண்டுவிரலில் தொடங்கி மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு. மொத்தம் எட்டு. லயத்தில் பாதி கேட்பவர் கையில் இருக்கிறது, மறுபாதி மேடையில் கேட்கிறது. கையை விட்டவர் பாதியைத்தான் கேட்கிறார். அவருக்கு அது வெறும் சொற்களின் உருட்டலாகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

ஒரு சின்ன உதாரணத்தைக் கையோடு போட்டுப் பாருங்கள். ஒரு களை ஆதி தாளத்தில், எண்ணிக்கைக்கு நான்கு மாத்திரை வீதம், ஒரு ஆவர்த்தனத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு சுற்றுக்கு, 32 மாத்திரை. ‘ததிங்கிணதொம்’ என்ற சொல்லுக்கு ஐந்து மாத்திரை. அதை ஒரு முறை சொல்லி ஒரு மாத்திரை கார்வை (இடைவெளி) விடுங்கள். இரண்டு முறை சொல்லி மறுபடி ஒரு மாத்திரை கார்வை. பிறகு மூன்று முறை. 5, 1, 10, 1, 15 என்று கூட்டினால் 32. அடுத்த தட்டு சமத்தில், அதாவது ஆவர்த்தனத்தின் தொடக்கத்தில், விழும். காகிதத்தில் இது ஐந்தாம் வகுப்புக் கணக்கு. கையில் போட்டுக்கொண்டு கேட்டால் வேறொன்று நடக்கிறது. ஆவர்த்தனத்தின் நடுவில் வரும் ஐந்தாவது எண்ணிக்கை ஒரு தட்டு. அது சரியாகப் பதினேழாவது மாத்திரையில் விழுகிறது. இரண்டாவது கார்வை இருக்கும் இடமும் அதுதான். உங்கள் கை அழுத்தமாகத் தட்டும்போது மிருதங்கம் புதிதாக எதையும் அடிக்காமல் நிற்கிறது. தட்டு கடந்த மறு மாத்திரையில் மூன்று ததிங்கிணதொம்களும் புறப்பட்டு ஓடி சமத்தில் வந்து நிற்கின்றன. தரையில்லாத இடத்தில் கால் வைத்த ஒரு கணமும், பிறகு கால் ஊன்றிக்கொண்ட நிம்மதியும் அதில் உண்டு. தாளம் போடாதவருக்கு அந்த மௌனம் இருந்ததே தெரியாது. பெரிய வித்வான்கள் இப்படிக் கணக்கிட்டுக் கட்டும் கோர்வைகள் இதைவிடப் பல மடங்கு சிக்கலானவை. ஆனாலும் அவை தரும் சுகத்தின் ஊற்று இதுதான்.

இன்னும் நுட்பமான இடம் எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். எல்லாப் பாட்டும் சமத்தில் தொடங்குவதில்லை. அரை இடம் தள்ளி எடுக்கும் பாட்டு உண்டு, ஒன்றரை இடம் தள்ளி எடுப்பதும் உண்டு. தனி முடிந்து பாடகர் பாட்டைப் பிடிக்க வேண்டியது அந்த எடுப்பில்தான் என்பதால் கடைசிக் கோர்வையும் அங்கேதான் வந்து இறங்க வேண்டும். மேலே சொன்ன கணக்கையே அரை இடம் தள்ளி, அதாவது இரண்டு மாத்திரை கழித்துத் தொடங்கிப் பாருங்கள். சொற்கள் அவையே, கார்வைகளும் அவையே. ஆனால் அந்த மௌனம் இப்போது தட்டில் விழாது. பாவம் முழுவதும் மாறிவிடும். ஆகவே தனி தொடங்குமுன் பாட்டின் வரி தாளத்தில் எங்கே எடுக்கிறது என்று கவனித்து வைத்துக்கொள்வது பாதி வேலையை முடித்துவிடும்.

தனியின் பொதுவான போக்கு எளிது. மிருதங்கம் முதலில் சாவதானமாக சர்வலகுவில், அதாவது கணக்கில்லாத நேரான ஓட்டத்தில், நடக்கும், பிறகு உபபக்கவாத்தியமான கஞ்சிராவோ கடமோ மோர்சிங்கோ தன் முறையை எடுத்துக்கொள்ளும். இருவரும் மாறி மாறி வாசிப்பார்கள். குறைப்பில் ஒவ்வொருவர் பங்கும் சுருங்கிக்கொண்டே வந்து இருவரும் ஒன்று சேர்வார்கள்; முடிவை அறிவிக்கும் மோரா, அதன்பின் மூன்று முறை கோர்வை. நடுவில் நடை மாறும்போது மட்டும் கவனமாக இருங்கள். நான்கு நான்காக ஓடியது திஸ்ரத்துக்கு, அதாவது மூன்று மூன்றாக, மாறியதும் புதியவரின் கை அதோடு சேர்ந்து ஓடப் பார்க்கும். கையின் வேகம் மாறக்கூடாது, உள்ளே நிரம்பும் மாத்திரைதான் மாறுகிறது. கும்மியின் துள்ளலைக் கேட்டு வளர்ந்த தமிழருக்குத் திஸ்ரம் ஒன்றும் அந்நியமில்லை. கண்டமும் (ஐந்து) மிஸ்ரமும் (ஏழு) கொஞ்சம் பழக வேண்டும்.

எண்ணிக்கொண்டே இருந்தால் ரசனை எங்கே வரும் என்பது நியாயமான ஆட்சேபம். முதல் சில கச்சேரிகளில் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் எண்ணுவது வேறு, தாளத்தைத் தாங்குவது வேறு. வெண்பாவை ரசிக்கிறவர் சீரையும் தளையையும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை; ஓசை தப்பினால் மட்டும் அவர் காது உறுத்தும். கையும் அந்தப் பக்குவத்துக்கு வரும். மாத்திரைக் கணக்கைக் கை பார்த்துக்கொள்ள, மனம் வாசிப்பின் பின்னால் போகும். இன்னோர் ஆட்சேபம், தனி என்பது வெறும் கணக்கு, சங்கீதம் அல்ல என்பது. அப்படிப்பட்ட தனிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. நாதம் கவனிக்கப்படாமல், எண்கள் மட்டும் அடுக்கப்பட்டு, வேகத்துக்குக் கைதட்டல் வாங்கிக்கொண்டு முடிகிற தனிகளை நாம் கேட்கத்தான் செய்கிறோம். அவற்றை வைத்து வடிவத்தையே ஒதுக்குவது சரியாகாது. கணக்குக்குப் பேர்போன புதுக்கோட்டைப் பரம்பரையில் வந்த மிருதங்க வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளை, மிருதங்கத்தின் ஆழ்ந்த ஒலிப் பக்கமான தொப்பியின் நாதத்துக்காகவும் கொண்டாடப்பட்டார். கணக்கும் நாதமும் ஒரே கையில் இருக்க முடியும் என்பதற்கு அதுவே சாட்சி.

அந்த நாதத்தைக் கேட்கவும் காதைப் பழக்க வேண்டும். வட்டமான தோலில் இயல்பாகத் தெளிவான சுருதி எழாது. வலந்தலையின் நடுவில் அப்பிய கறுப்புக் கரணைதான் அதைச் சாத்தியமாக்குகிறது. மிருதங்கம், தபலா போன்ற நம் தோல் வாத்தியங்களின் இந்தத் தனித்தன்மையை இயற்பியலாளர் சி.வி. ராமன் 1920-இலேயே ‘நேச்சர்’ இதழில் எழுதினார். பாடகரின் சுருதியோடு மிருதங்கம் சேர்வது இதனால்தான். இடந்தலையில் கச்சேரிக்கு முன் ரவையைப் பிசைந்து அப்புகிறார்கள், கும்காரம் என்னும் ஒலியின் ஆழம் அங்கிருந்து வருகிறது. இந்த நாதத்துக்குப் பின்னால் உள்ள உழைப்பை அறியப் பாடகர் டி.எம். கிருஷ்ணா 2020-இல் எழுதிய ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ புத்தகத்தைப் படியுங்கள். பலா மரத்தைக் குடைந்து, பசு, எருமை, ஆடு மூன்றின் தோலையும் பதப்படுத்தி வாத்தியம் செய்யும் கைவினைஞர்களின் வரலாறு அது. அவர்களில் பெரும்பாலோர் தலித் கிறிஸ்தவர்கள். மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் நாதத்தில், மிருதங்கம் செய்த தஞ்சாவூர் பர்லாந்துவின் கைக்கும் பங்கு உண்டு என்று அறிந்தபின் மிருதங்கத்தைப் பழையபடி கேட்க முடியாது. ராஜீவ் மேனனின் ‘சர்வம் தாள மயம்’ திரைப்படம் இதே உலகத்திலிருந்து ஒரு இளைஞனைக் கதாநாயகனாக்கியது. மிருதங்கம் செய்யும் வீட்டைக் காட்டும் பகுதிகளில் படம் உயிரோடு இருக்கிறது. தொலைக்காட்சிப் போட்டிக்குள் நுழைந்ததும் லயம் வெற்றி தோல்வியாகச் சுருங்கிவிடுகிறது. தனியைக் கேட்க அந்தப் பகுதி உதவாது.

வீட்டில் பதிவைக் கேட்டால் போதாதா என்றால், பழகிக்கொள்ளப் போதும். ஆனால் பதிவில் பாடகரின் கை தெரியாது. அரங்கில் பாடகரின் கை, வயலின்காரரின் கவனம், பக்கத்து நாற்காலிக்காரரின் விரல் எல்லாம் ஒரே சமத்துக்காகக் காத்திருக்கின்றன; தாளம் தவறினால் கண்ணை உயர்த்திப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மேடையில் பாடகரின் தொடை தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். முதலில் ஆதி தாளத்தில், சமத்தில் எடுக்கும் உருப்படிகளின் தனியைக் கேளுங்கள். மிஸ்ர சாபு, கண்ட சாபு தாளங்கள் பிறகு வரட்டும். சபாக்காரர்களுக்கும் பாடகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: நேரம் போதவில்லை என்றால் கடைசியில் பாடும் துக்கடாக்களில் ஒன்றிரண்டைக் குறையுங்கள். மிருதங்கத்துக்கும் உபபக்கவாத்தியத்துக்கும் சேர்த்துப் பதினைந்து நிமிடமாவது விடுங்கள்; அதற்குக் குறைந்தால் சர்வலகு காதில் நிலைப்பதற்குள் மோரா வந்துவிடுகிறது.