வலிக்காத உடம்பு

சாட்டையும் தொப்பியுமாக அலையும் புதைபொருள் பேராசிரியர் இண்டியானா ஜோன்ஸின் மூன்றாவது படம் 1989-ல் வந்தது. நான்காவது வர 19 ஆண்டுகள் ஆயின. 2008-ல் வந்த அந்தப் படத்தைப் பற்றி ரசிகர்கள் போடும் சண்டை இன்னும் ஓயவில்லை. அணுகுண்டுச் சோதனையில் அகப்பட்டவன் ஈயத் தகடு பதித்த குளிர்சாதனப் பெட்டிக்குள் புகுந்து பிழைக்கிறானே, இது நடக்கிற காரியமா என்கிறது ஒரு கட்சி. 1984-ல் அவன் விமானத்திலிருந்து ரப்பர் படகோடு குதித்தபோது கை தட்டினீர்களே என்கிறது எதிர்க்கட்சி.

நடக்குமா நடக்காதா என்று பார்க்கவா இந்தப் படங்களுக்குப் போகிறோம்? 1981-ல் வந்த முதல் படத்தில், லாரிச் சண்டை முடிந்து கப்பலில் கிடக்கிறான். தொட்ட இடமெல்லாம் வலி. வலிக்காத இடம் எதுதான் என்று மேரியன் எரிச்சலோடு கேட்க, முழங்கையைக் காட்டுகிறான். என்னைக் கேட்டால், அந்த வலிக்காகத்தான் அவனை நமக்குப் பிடித்துப் போயிற்று. 2008-ல் ஹாரிஸன் ஃபோர்டுக்கு வயது 65. வலி எடுக்க வேண்டிய உடம்பு! அதுவோ பெட்டியோடு பறந்து, விழுந்து, எழுந்து நடக்கிறது.

ஆனால், அத்தனை காலம் கழித்து மேரியனைக் கண்டதும் அவன் முகத்தில் ஓர் அசட்டுச் சிரிப்பு வருகிறது பாருங்கள், அதை நான் எந்தக் கட்சிக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.