முள்ளில் கட்டிய மயிர்

தூண்டில் முள்ளில் விலங்கு மயிரை நூலால் சுற்றிக் கட்டி, மீனின் கண்ணுக்கு அதைப் பூச்சியாகவோ பொடிமீனாகவோ காட்டுவது, வெள்ளைக்காரர்கள் குளிர்ந்த ஓடைகளுக்காக வளர்த்த வித்தை. நம் பக்கம் வந்ததும் அது மலையேறியது. டிரவுட் மீனுக்காக நீலகிரியின் அவலாஞ்சியில் 1907-இல் குஞ்சு பொரிப்பகமே அமைத்தார்கள். அந்த மலைத் தூண்டில்காரரின் மயிர்ப்பெட்டியைத் திருச்செந்தூருக்குச் சற்றுத் தெற்கே, ஆலந்தலைக் கரை மணலில் திறந்து வைத்தால் எது தேறும், எது தேறாது?

மயிர்தான் உசத்தி என்பவர்கள் முதலில் சொல்வது அசைவை. அது வெறும் பெருமைப் பேச்சல்ல. மயிர் அடியில் தடித்து நுனியில் மெலிந்திருக்கும். தண்ணீரில் இழுக்கும்போது அடி நிமிர்ந்து நிற்க, நுனி மட்டும் துடிக்கும். செயற்கை இழைகளில் பெரும்பாலானவை அடி முதல் நுனி வரை ஒரே பருமன். ஒன்று மொத்தமாக வளையும், அல்லது விறைத்து நிற்கும். எடைக் கணக்கும் மயிரின் பக்கம்தான். மயிரின் புரதமான கெராட்டினின் அடர்த்தி ஏறத்தாழ 1.3, கடல்நீருடையது 1.025; நனைந்த மயிர் தானே இறங்கிவிடும். பாலிபுரொப்பிலீன் இழைக்கு 0.9தான் என்பதால் மேலேயே நின்று அடம்பிடிக்கும். மானின் உடல் மயிர் மட்டும் வேறு சாதி. உள்ளே காற்றறைகள் நிறைந்தது. நூலை இறுக்கினால் விசிறியாக விரியும், மிதக்கவும் செய்யும். வால் மயிரில் அந்தக் குணம் குறைவு. அமெரிக்கர் பாப் கிளவுசர் 1987-இல் ஆற்று மீனுக்காக மான்வால் மயிரில் ஈயக் கண் வைத்துக் கட்டிய இரை, இன்று உலகெங்கும் கடலிலும் ஓடுகிறது. கடலுக்கு மயிர் ஆகாது என்பவர்களுக்கு இது ஒன்றே போதும்.

ஆனால் ஆலந்தலையின் முன்னால் விரிவது மன்னார் வளைகுடா. இங்கே சீலா இருக்கிறது, சென்னைக்காரர் வஞ்சிரம் என்பார்களே, அதுதான். அதன் பல் கத்தரிக்கோல். தங்கூஸ் என்ற நைலான் நரம்பையே வெட்டிக்கொண்டு போகிற மீனுக்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்து மயிர் கட்டுவது வீண் உழைப்பு. நைலான் கட்டும் அதன் வாயில் நிலைக்காதுதான். ஆனால் போனால் போகட்டும் என்று விட்டுவிடலாம். சூரைக்கும் பாரைக்கும் கட்டுவதென்றால் பேச்சு வேறு. அவை ஓடும் பொடிமீனைத் துரத்திப் பிடிப்பவை. நுனித் துடிப்புக்கு அங்கே மதிப்பு உண்டு. இன்னொரு குறை, வைத்துக் காப்பது. கடற்காற்றின் ஈரத்தில், சரியாகப் பதப்படுத்தாத தோல் நாறும். மயிரை வண்டு அரிக்கும். நைலானைத் தேடி எந்த வண்டும் வராது.

இயற்கைப் பொருள், அதனால் கடலுக்கு நல்லது என்ற வாதத்தை நான் ஏற்பதில்லை. மயிர் மக்கும், நைலான் மக்காது, சரி. ஆனால் அந்த ஒரு சிட்டிகை மயிர் தொங்குவதே பல பாகம் நீளமுள்ள நைலான் தங்கூசில்தானே? தங்கூஸ் அறுந்து பவளத்தில் சிக்கினால், முனையில் இருந்தது ஆட்டு மயிரா பிளாஸ்டிக் இழையா என்று ஆமை பார்க்கப்போவதில்லை.

யாருடைய மயிர் என்பதில்தான் தராசு உடைகிறது. இந்த வித்தையின் மோகம் எங்கே போய் முடியும் என்பதற்கு இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகம் சாட்சி: 2009-இல் ஓர் இளைஞர் உள்ளே புகுந்து 299 பறவைத் தோல்களைத் திருடினார், சால்மன் தூண்டிலில் மயிரைப் போலவே கட்டும் இறகுகளுக்காக. நம் வீட்டுக் கதையும் அதற்குக் குறைந்ததல்ல. மெருகிட்ட பொட்டுகள் மின்னும் கழுத்திறகுக்காக உலகத் தூண்டில்காரர்கள் தேடிய பறவை, நம் சாம்பல் நிறக் காட்டுக்கோழி. தாமிரபரணி பிறக்கும் பொதிகைக் காடுகளில் அது வாழ்கிறது. அந்த ஆறு ஆலந்தலைக்கு வடக்கே புன்னைக்காயலில் கடலைச் சேர்கிறது. 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அந்தக் கோழியையும், நம் மானையும் கடமானையும் வேட்டைக்கும் வியாபாரத்துக்கும் அப்பால் வைத்துவிட்டது. கிளவுசருக்கு மான்வால் கடையில் கிடைக்கும் பொருள். நமக்கு அது வழக்கு. உதிர்ந்த மயில் தோகைக்கு மட்டும் உள்நாட்டில் விலக்கு உண்டு. முருகன் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதன் சலுகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் தீர்ப்பு இது. சீலாவுக்கு மயிர் வேண்டாம். சூரைக்கும் பாரைக்கும் வெள்ளாட்டு வால் மயிர், செயற்கை இழையைவிட மேல். மினுக்கத்துக்குச் செயற்கை இழை இரண்டு சேர்த்தால் பாவமில்லை. காட்டு விலங்கின் மயிர் எவ்வளவு நன்றாக நீந்தினாலும் தள்ளுபடி.

நம்பாதவர்கள் அடுத்த ஞாயிறு கறிக்கடையில் வீசப்படும் ஆட்டு வால் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். கொழுப்பைச் சுரண்டி, உப்புத் தேய்த்து, நிழலில் காயவையுங்கள்; தூத்துக்குடிப் பக்கம் உப்புக்கா பஞ்சம்? பிறகு ஒரு கண்ணாடிக் குவளைக் கடல்நீரில் அந்த மயிர்க்கற்றையையும் நைலான் கற்றையையும் விட்டு, மெல்ல இழுத்துப் பாருங்கள்.